அடையாற்றில் கயாக் இறக்க இடம் எங்கே? (முட்டுக்காடு என்று சொல்பவர்கள் கவனத்துக்கு)

துடுப்பாளி:
நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தணியவில்லை. "சென்னையில் கயாக் விட இடமா இல்லை? முட்டுக்காடு போக வேண்டியதுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஐயா, நான் கேட்டது அடையாறு. 42 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு. நகருக்குள் அதன் கரையில் சாதாரண ஆள் ஒரு கயாக்கை, அதாவது ஒரு சின்னத் துடுப்புப் படகை, தோளில் தூக்கிப் போய் இறக்க ஒரு துறை காட்டுங்கள். பார்த்த இடமெல்லாம் சுவர், வேலி, கட்டட இடிபாடு. முட்டுக்காடு ஆறே இல்லை. கழி, கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்குகிற இடம்.

கோட்டூர்வாசி:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். முட்டுக்காட்டில் 1984லிருந்து சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. நல்ல தண்ணீர், நாற்றம் இல்லை. ஆறா கழியா என்று இலக்கணம் பார்த்தா படகு மிதக்கிறது?

துடுப்பாளி:
பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளத்துக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிற இடம் அது. கழி. அதுவும் 36 கிலோமீட்டர் தள்ளி! பசிக்கிறது என்றால் செங்கல்பட்டில் நல்ல ஓட்டல் இருக்கிறது என்பீர்களா?

பழம்பேச்சு:
அடையாற்றில் வசதியே இல்லை என்பது சரியில்லை தம்பி. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இன்றும் அதே ஆற்றில்தான் துடுப்பு வலிக்கிறது.

துடுப்பாளி:
உறுப்பினர்களுக்கு, சார். நான் கேட்டது பொதுத் துறை. துடுப்பு வலிக்கும் அவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டிப் போகிறவர்கள், கயாக் விடும் நாங்கள் முன்னால் பார்த்துப் போகிறவர்கள். சரி, அது வேறு சண்டை. முட்டுக்காட்டுக்கு வருவோம்.

கோட்டூர்வாசி:
யார் வரச் சொன்னது?

குப்பத்துக்காரன்:
அடையாறு கடலில் சேர்கிற இடத்தில், ஊரூர்க் குப்பம், சீனிவாசபுரம் பக்கம் நாங்கள் தினமும் படகு இறக்குகிறோம். யாரும் துறை கட்டித் தரவில்லை. மணலில் நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளினால் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருவிலேயே இறக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு இது ஆறா கழியா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது நீங்கள் துறை கேட்பீர்கள், கட்டுவார்கள். அப்புறம் டிக்கெட், காவலாளி, கம்பிக் கதவு. கடைசியில் நகரச் சொல்வது எங்களைத்தான்.

துடுப்பாளி:
அண்ணே, உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்களும் பார்த்திருப்பீர்கள், முட்டுக்காடு கழிதானே? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

குப்பத்துக்காரன்:
நான் சொன்னதைப் படித்தீர்களா தம்பி?

சிங்கைவாசி:
சிங்கப்பூரில் 1977இல் ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கிப் பத்தே வருடத்தில் முடித்தார்கள். இன்று காலாங் படுகையில் பள்ளிப் பிள்ளைகள் கயாக் ஓட்டுகிறார்கள். நம் ஊரில் கழியா ஆறா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பழம்பேச்சு:
வந்துவிட்டார். இன்னும் காணோமே என்று பார்த்தேன்.

கோட்டூர்வாசி:
துடுப்பாளி கணக்குப்படி காலாங்கும் சேராதே! 2008இல் மெரினா அணை கட்டிய பிறகு அது நீர்த்தேக்கம். அப்புறம், திரு.வி.க. பாலத்துக்குக் கிழக்கே உங்கள் அடையாறும் கழிமுகம்தான். கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் தேங்கி நிற்கும். எது ஆறு, எது கழி என்று இப்போது சொல்லுங்கள்.

துடுப்பாளி:
கழிமுகம் வேறு, கழி வேறு. கழிமுகம் ஆற்றின் வாய். வாய் இருந்தால் பின்னால் உடம்பு இருக்கும். முட்டுக்காட்டுக்குப் பின்னால் எந்த ஆறு? பெயர் சொல்லுங்கள், இப்போதே விலகிக்கொள்கிறேன். போன வருடம் வேளச்சேரி ஏரியைக் குளம் என்று எழுதி, நான் திருத்தியதும் பதிவையே நீக்கியவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

கோட்டூர்வாசி:
அது கைபேசி தானாக மாற்றியது. நூறு முறை சொல்லியாயிற்று.

பழம்பேச்சு:
ஏரியோ குளமோ, துறை கட்டுவது பெரிய காரியமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கூவத்திலேயே துறைகள் கட்டிப் படகு விட்டார்கள். நீடிக்கவில்லை. துறை இருந்தது, இறங்குகிற மாதிரித் தண்ணீர் இல்லை. சாக்கடையை நிறுத்தாமல் படி மட்டும் கட்டினால் கொசுதான் இறங்கும்.

துடுப்பாளி:
சார், துறை வந்தால் ஆள் வரும். ஆள் வந்தால்தான் நாற்றத்தைப் பற்றிக் கேள்வி வரும். பாலத்து மேலே கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு ஆறு எதற்கு? அதனால்தான் 'முட்டுக்காடு போ' என்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

பரிசல்:
ஒகேனக்கல்லில் பரிசல் விடுகிறார்களே, அது ஆறுதானே?

துடுப்பாளி:
ஆறுதான். காவிரி. அதை யாராவது மறுத்தார்களா? ஏன் எல்லாரும் சென்னையைத் தவிர வேறு எங்காவது என்னை அனுப்பப் பார்க்கிறீர்கள்?

சிங்கைவாசி:
நான் உதாரணம்தான் சொன்னேன். 'வந்துவிட்டார்' என்று எழுதியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பழம்பேச்சு:
எதற்கு? நீங்கள் வந்தது உண்மைதானே.

புதியவன்:
வணக்கம். என்னிடம் காற்றடைக்கும் கயாக் ஒன்று இருக்கிறது, வாங்கி எட்டு மாதமாகப் பரணில் கிடக்கிறது. ஞாயிறு காலை யாராவது போகிறீர்களா? நானும் வருகிறேன்.

கோட்டூர்வாசி:
எங்கே, ஆற்றுக்கா கழிக்கா?

துடுப்பாளி:
பார்த்தீர்களா, மறுபடி ஆரம்பிக்கிறார். தம்பி, முதலில் மேலே என் முதல் பதிவைப் படித்துவிட்டு வாருங்கள்.