சைட்லோடிங்: ‘கைமாற்று நிறுவல்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

பிளே ஸ்டோர் போன்ற அதிகாரபூர்வக் கடை வழியாக இல்லாமல், வேறு வழியில் வந்த செயலியைப் போனில் நிறுவுவதுதான் சைட்லோடிங் (sideloading). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை மூன்று: பக்கச்சுமையேற்றம், புறவழி நிறுவல், வெளிநிறுவல். முதலாவது லாரியில் மூட்டை ஏற்றுவதுபோல இருக்கிறது, விட்டுவிடலாம். புறவழி அழகான சொல்தான். ஆனால் புறவழிச்சாலை என்றால் நெரிசல் இல்லாத நல்ல சாலை என்றே நம் மக்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆபத்துள்ள வேலைக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். யூடியூபில் பார்க்கும் கோலங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் சித்திக்கு ஆசை. அடுத்த வீட்டுப் பையன் வீடியோ இறக்கும் செயலி ஒன்றை வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பியிருக்கிறான். யூடியூப் வீடியோவை இறக்கித் தரும் செயலிகளைக் கூகுள் தன் பிளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. அதனால் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டதாம், சித்தி கொடுத்துவிட்டார். வீடியோ இறக்க எஸ்எம்எஸ் எதற்கு? ஓடிபி வந்து விழும் இடமாயிற்றே அது! நான் பார்க்கும்போது, மேசைமேல் சும்மா கிடந்த போன் சுட்டது. அன்றைய டேட்டா காலை பத்து மணிக்கே தீர்ந்திருந்தது.

“தெரியாத இடத்திலிருந்து வருதுன்னு போன் எச்சரிச்சிருக்குமே சித்தி?”

“தெரியாத இடமா? நம்ம பையன் குடுத்ததுடா.”

அந்தப் பதிலில்தான் எனக்குச் சொல் கிடைத்தது: கைமாற்று. சீட்டு, கையெழுத்து எதுவும் இல்லாமல் ஆளை நம்பிப் பணம் வாங்குவது. கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். தன் கையில் இருப்பது கள்ளநோட்டு என்று அவருக்கே தெரியாது.

ஆண்ட்ராய்டின் போக்கும் இதற்குப் பொருந்துகிறது. வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவ அனுமதிக்க, முன்பெல்லாம் முழுப் போனுக்கும் ஒரே பொத்தான். 2017-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்குத் தனி அனுமதி, குரோமுக்குத் தனி அனுமதி. அதாவது, எந்தக் கையிலிருந்து வாங்குகிறாய் என்று போனே கேட்கிறது.

‘இதில் குற்றத்தொனி இல்லையே’ என்று சிலர் கேட்கலாம். இருக்கவும் கூடாது. எஃப்-டிராய்டு (F-Droid) என்ற தளத்திலிருந்து கட்டற்ற மென்பொருளை இறக்கி நிறுவுபவரும் செய்வது இதைத்தான். அதே சமயம், 2019-இல் வீடியோ இறக்கும் செயலிகளான விட்மேட், ஸ்னாப்டியூப் இரண்டும் பயனருக்குத் தெரியாமலே விளம்பரங்களைச் சொடுக்கிக் கட்டணச் சேவைகளில் சேர்த்துவிடுகின்றன என்று கைபேசிப் பாதுகாப்பு நிறுவனமான அப்ஸ்ட்ரீம் அறிக்கை வெளியிட்டதும் நினைவிருக்கட்டும். நல்லதும் கெட்டதும் ஒரே வழியில் வருகின்றன. பெயர் அந்த வழிக்குத்தான்.

வினையாகவும் சிரமமில்லாமல் வருகிறது: ‘வங்கிச் செயலியைக் கைமாற்றாக நிறுவாதீர்கள்.’ வெளிநிறுவலை வைத்து இப்படிச் சொன்னால் என் சித்திக்குப் புரியாது.

இன்னொன்று: ‘அறியப்படாத மூலம்’ என்ற எச்சரிக்கையையும் மாற்ற வேண்டும். சித்திக்கு அந்தப் பையனை நன்றாகவே தெரியும். ‘சரிபார்க்கப்படாத செயலி’ என்றிருந்தால் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்.

கைமாற்று என்ற சொல் இலங்கையிலும் இதே பொருளில் புழங்குகிறதா? அங்குள்ள நண்பர்கள் சொன்னால், அதையும் பார்த்துவிட்டுச் சொற்பட்டியலில் சேர்க்கலாம்.