வருஷத்துக்கு ரெண்டே போனா? மார்மன் ஊழியப் பையன்களைப் பற்றிப் பழைய கதையை நிறுத்துங்கள்

உப்பேரிவாசி:
தென்காசி இழையில் பாளையங்கோட்டைக்காரன் எழுதியதைப் படித்து எரிச்சல் தாங்காமல்தான் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். அவர் எழுதியது இது: "மார்மன் சபை 18 வயசுப் பையனை ரெண்டு வருஷம் ஊழியத்துக்கு அனுப்பிவிட்டு, வருஷத்துக்கு ரெண்டே தடவைதான் அம்மாவிடம் போனில் பேச விடுகிறது. இது ஊழியமா, ஜெயிலா?"

அந்தச் சபையின் தலைமையகம் இருக்கிற அமெரிக்க மாநிலமான யூட்டாவில் குடியிருக்கிறேன். அந்தச் சபை ஆள் இல்லை, என் வீட்டில் முருகன் படம்தான் மாட்டியிருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் இப்போது பிலிப்பைன்சில் ஊழியத்தில் இருக்கிறான். ஞாயிறு ராத்திரி எட்டு மணி வாக்கில் அந்த வீட்டில் எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே அப்போது திங்கள் காலை. பையன் வீடியோவில் வருவான். இது வாராவாரம் நடக்கிறது. 2019 பிப்ரவரி 15 அன்று சபைத் தலைமையே அறிவித்தது: வாரத்தில் ஒரு நாள், துணி துவைப்பது போன்ற சொந்த வேலைக்கு விடும் ஆயத்த நாளில், போன், வீடியோ, குறுஞ்செய்தி எதில் வேண்டுமானாலும் வீட்டாரோடு பேசலாம். அதற்கு முன்னால்தான் கிறிஸ்துமசுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று என்று ரெண்டு போன். அப்போதும் வாராவாரம் மின்னஞ்சல் உண்டு. தெரியாத விஷயத்தில் ஜெயில் என்றெல்லாம் எழுதக் கூடாது.

பாளையங்கோட்டைக்காரன்:
ரெண்டு போன்தான் இருந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. அப்புறம் எதற்கு இந்த இழை?

உப்பேரிவாசி:
2019 பிப்ரவரி 15. இன்னொரு தடவை படியுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:
படித்தேன். அந்தத் தேதிக்கு முன்னால் எத்தனை வருஷம் எத்தனை தாய்மார்கள் அன்னையர் தினம் வரைக்கும் காத்துக் கிடந்தார்கள்? அவர்களுக்கு யார் பதில் சொல்வது? ஒரு சபை பல காலம் அப்படி நடத்திவிட்டு ஒரு நாள் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ரெண்டு போன் என்பது ரெண்டு போன்தான்.

ஜெபமாலை:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். வீட்டோடு தொடர்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? போன் மட்டும்தானா, கடிதமும் மின்னஞ்சலும் சேர்த்தியா? அதை முதலில் முடிவு பண்ணாமல் எப்படிப் பேசுவது? எங்கள் அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். நொவிசியட் என்கிற பயிற்சி வருஷத்தில் அவரிடமிருந்து வந்தது கடிதம்தான். அம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பார். தொடர்பே அற்றுப்போனது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

பாளையங்கோட்டைக்காரன்:
கடிதம் வேறு, குரல் வேறு அக்கா. நான் எழுதியது போனைப் பற்றி. ரெண்டு போன்.

பழைய எல்டர்:
நான் அந்தச் சபையில் இருப்பவன், பெங்களூர் மிஷனில் ஊழியம் செய்தவன். 2019க்கு முன்னால். அதனால் இங்கே ரெண்டு பேரைவிடவும் எனக்கு இதைப் பேச உரிமை உண்டு.

ஒரு வாரம் எப்படிப் போகும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காலை ஆறரைக்கு எழ வேண்டும். ஜெபம், கொஞ்சம் உடற்பயிற்சி, காலைச் சாப்பாடு, அப்புறம் வேதப் படிப்பு. தனியாக ஒரு நேரம், கூட்டாளியோடு ஒரு நேரம். பிறகு வெளியே கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவோம், பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். எப்போதும் கூட ஒருவர் இருப்பார். அவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்கு நாம் போகக் கூடாது. அந்தக் கூட்டாளியும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் மாற்றத்தில் மாறலாம். பிடிக்காத ஆளோடு ஒரே அறையில் இருந்து சமைத்துச் சாப்பிட்டவனுக்குத்தான் அந்த ஆறு வாரத்தின் நீளம் தெரியும்.

திங்கட்கிழமை பி-டே, ஆயத்த நாள். துணி துவைப்பது, காய்கறி மளிகை வாங்குவது, முடி வெட்டுவது, வீட்டைக் கூட்டுவது எல்லாம் அன்றைக்குத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி ஊழியம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நெட் சென்டருக்குப் போய் வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதுவோம். என் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, தங்கை வாசித்துக் காட்டுவாள். அந்த மின்னஞ்சலுக்காக வாரம் பூராவும் மனசுக்குள் எழுதிக்கொண்டே இருப்பேன். நாங்கள் வருஷத்துக்கு ரெண்டு போனில்தான் ரெண்டு வருஷத்தையும் முடித்தோம். யாரும் உடைந்துபோகவில்லை. வாராவாரம் வீடியோவில் அம்மா முகத்தைப் பார்க்கிற பையன்கள் செவ்வாய்க்கிழமை எப்படி மனசைத் திருப்பி வேலையில் வைக்கிறார்களோ எனக்குத் தெரியாது. 2019 மாற்றம் தேவையே இல்லாதது என்பதுதான் என் கருத்து.

பாளையங்கோட்டைக்காரன்:
பார்த்தீர்களா? ரெண்டு போன் என்று அவர்கள் ஆளே சாட்சி சொல்லிவிட்டார். உப்பேரிவாசி இப்போது என்ன சொல்வார்?

உப்பேரிவாசி:
அவர் 2019க்கு முன்னால் போனவர். முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறார். நீங்கள் எழுதியது "பேச விடுகிறது". இப்போதும் ரெண்டு தடவைதான் என்ற பொருளில். நீங்கள் ஒரு சொல்லைத் திருத்தினால் நான் இந்த இழையை மூடிவிடுகிறேன்.

பழைய எல்டர், உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் தாங்கினீர்கள் என்பதற்காக எல்லாரும் அப்படியே தாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 2012 அக்டோபரில் அப்போதைய சபைத் தலைவர் தாமஸ் மான்சன் பையன்களுக்கு வயதை 19லிருந்து 18க்கும், பெண்களுக்கு 21லிருந்து 19க்கும் குறைத்தார். பள்ளி முடித்த கையோடு கிளம்புகிறார்கள். அதற்கு முந்தின நாள் வரை அம்மா துவைத்துப் போட்ட சட்டையைப் போட்ட பிள்ளை அவன். அவன் வாரம் ஒருமுறை வீட்டில் பேசினால் ஊழியம் கெட்டுவிடுமா? அந்த அறிவிப்பிலேயே காரணம் சொல்லியிருக்கிறார்கள், பிள்ளையின் ஊழிய அனுபவத்தில் குடும்பமும் பங்கெடுக்க வேண்டும் என்று. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இப்போது பதிமூன்று வயது. அண்ணன் அங்கே யாரைப் பார்த்தான், என்ன சாப்பிட்டான், கூட்டாளியோடு என்ன சண்டை என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

பழைய எல்டர்:
அது ஊழியம் இல்லை, தொடர் நாடகம்.

உப்பேரிவாசி:
உங்கள் சபைத் தலைமை எடுத்த முடிவையே நீங்கள் ஏற்க மாட்டீர்கள், வெளியாள் நான் அதற்காக வாதாட வேண்டியிருக்கிறது.

பழைய எல்டர்:
ஏற்கவில்லை என்று நான் எங்கே எழுதினேன்? தேவையில்லை என்றுதான் எழுதினேன். அதுவும் போக, வாராவாரம் பேசியே ஆக வேண்டும் என்று சபை சொல்லவில்லை. பேசலாம் என்றுதான் சொன்னது. பையன்தான் கூப்பிட வேண்டும், வீட்டிலிருந்து அவனைக் கூப்பிடக் கூடாது.

பாளையங்கோட்டைக்காரன்:
ஆக, தாய் கூப்பிட முடியாது! கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே. பெற்றவள் தன் பிள்ளைக்குப் போன் போடக் கூடாதாம். இதைத்தான் நான் ஜெயில் என்றேன்.

உப்பேரிவாசி:
அவன் எந்த வீட்டு வாசலில் யாரோடு பேசிக்கொண்டிருப்பான் என்று தாய்க்கு எப்படித் தெரியும்? ஊருக்கு ஊர் நேரம் வேறு. அதனால் அவன் கூப்பிடுகிறான். இதில் என்ன ஜெயில்? கிறிஸ்துமஸ், அன்னையர் தினம், தந்தையர் தினம், பெற்றோரின் பிறந்தநாள் இவற்றுக்கும் பேசலாம் என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் தனித்தனி ஊரில் இருந்தால் தனித்தனியாகப் பேசலாம். இவ்வளவையும் படிக்காமல் "ரெண்டு போன், ரெண்டு போன்" என்றால் என்ன அர்த்தம்?

கடலோரத்தான்:
அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு வீடியோ கால் கதை பேசுகிறீர்கள். உண்மையான மிஷனரி வாழ்க்கை என்றால் எங்கள் தரங்கம்பாடிக்கு வாருங்கள். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது. ஏழு மாதத்துக்கு மேல் கடலில். தாயாருக்கு ஒரு கடிதம் போட்டால் போய்ச் சேர எத்தனை மாதம் ஆகும் என்று யோசியுங்கள். அவர் அழுதாரா?

பாளையங்கோட்டைக்காரன்:
ஐயா, சீகன்பால்கு சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். அவர் எந்தத் தாயாருக்குக் கடிதம் போட்டார்? சரித்திரம் தெரியாமல் எங்கள் மிஷனரி ஐயர்மாரை இதில் இழுக்காதீர்கள்.

கடலோரத்தான்:
வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கடிதங்களை ஜெர்மனியில் ஹாலேயில் 1710 முதல் அச்சுப் போட்டார்கள், அதுவாவது தெரியுமா?

பாளையங்கோட்டைக்காரன்:
தெரியும். அச்சுப் போட்டது ஆதரவாளர்கள் படிக்க. வீட்டுக் கடிதம் அது இல்லை. கால்டுவெல் 23 வயதில் 1838ல் சென்னைக்கு வந்தார், இடையன்குடியில் உழைத்தார், 1891ல் இறந்தார், அங்கேயே புதைத்தார்கள். எமி கார்மைக்கேல் 1895ல் இந்தியா வந்து 1951ல் டோனாவூரில் இறக்கும்வரை ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. அவர்களை யாரும் திங்கட்கிழமை மட்டும் எழுது என்று சொல்லவில்லை. தாங்களே கொடுத்துக்கொண்ட வாழ்க்கை. அதையும் ரெண்டு வருஷக் கணக்கையும் ஒன்றாக வைத்தால் எனக்குக் கோபம் வரும்.

உப்பேரிவாசி:
வைத்தது நான் இல்லை, கடலோரத்தான். ஆனால் கேட்கிறேன். 55 வருஷம் ஊருக்கே போகாத எமி அம்மையாரைக் கும்பிடுகிறீர்கள், ரெண்டு வருஷத்தில் வீடு திரும்பும் பையனைக் கைதி என்கிறீர்கள். ஒரே தராசில் நிறுங்கள். அவனும் தானே கேட்டுத்தான் போகிறான்.

பாளையங்கோட்டைக்காரன்:
தானே கேட்டா? யூட்டாவில் போகாத பையனை ஊரும் உறவும் எப்படிப் பார்க்கும் என்று உங்கள் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதுவும் செலவு யாருடையது? மாதம் 500 டாலர் வீட்டிலிருந்துதான் போகிறது. பணமும் கொடுத்து, பிள்ளையும் கொடுத்து, போனுக்கும் காத்திருக்க வேண்டும்.

பழைய எல்டர்:
எல்லா நாட்டிலும் 500 இல்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் இருந்து போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு. அதுவும் 2020 ஜூலைக்கு முன்னால் 400தான். எங்கள் வீட்டில் அவ்வளவு யாரும் கட்டவில்லை. இங்கே வாயைத் திறக்கிற எல்லாருக்கும் பாதிக் கணக்குதான் தெரிந்திருக்கிறது.

ஜெபமாலை:
நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. மின்னஞ்சல் சேர்த்தியா இல்லையா?

உப்பேரிவாசி:
சேர்த்திதான் ஜெபமாலை. சேர்த்தால் 2019க்கு முன்னாலும் வாராவாரம் தொடர்பு இருந்தது. அப்போதும் பாளையங்கோட்டைக்காரன் எழுதியது தப்பு, சேர்க்காவிட்டாலும் இப்போதைக்குத் தப்பு. போன மாதம் யூட்டாவில் பனி ஏப்ரலில் பெய்யாது என்று என்னிடமே சாதித்தவர் அவர். நான் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தபோது இங்கே எனக்குப் பாடம் எடுத்தார். அதையும் இன்றுவரை திருத்தவில்லை.

பாளையங்கோட்டைக்காரன்:
பனி இந்த இழைக்குச் சம்பந்தம் இல்லை. அப்போது நான் எழுதியது தெற்கு யூட்டா பற்றி.

உப்பேரிவாசி:
"யூட்டா" என்றுதான் இருந்தது. பக்கத்தை எடுத்துப் போடட்டுமா?

மட்டுறுத்துநர்:
பனி, தரங்கம்பாடி எல்லாவற்றுக்கும் தனி இழை இருக்கிறது. தலைப்புக்கு வாருங்கள்.

கடலோரத்தான்:
தரங்கம்பாடி தலைப்புக்குச் சம்பந்தம் இல்லையென்றால் இந்தத் தளத்தில் வேறு எதுதான் சம்பந்தம்? மிஷனரி என்ற பேச்சே தமிழில் அங்கேதான் ஆரம்பம்.

பாளையங்கோட்டைக்காரன்:
அதுவும் தப்பு. அதற்கு நூற்றறுபது வருஷம் முன்பே சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். 1542.

ஜெபமாலை:
அதையாவது சரியாகச் சொன்னீர்களே.

உப்பேரிவாசி:
நான் தலைப்புக்கு வருகிறேன். வாரம் ஒரு நாள். போனிலோ வீடியோவிலோ. 2019 பிப்ரவரி 15 முதல். பாளையங்கோட்டைக்காரன் தென்காசி இழையில் அந்த வரியை இன்னும் மாற்றவில்லை, இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் படித்துவிட்டு நாளைக்கு இன்னொருவர் அதையே எழுதுவார்.

பாளையங்கோட்டைக்காரன்:
மாற்ற மாட்டேன். ரெண்டு போன் இருந்தது, அவர்கள் ஆளே இங்கே வந்து சொல்லிவிட்டார்.

பழைய எல்டர்:
என் பெயரை உங்கள் வாதத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். நான் பெருமையாகச் சொன்னதை நீங்கள் குற்றச்சாட்டாக ஆக்குகிறீர்கள்.

உப்பேரிவாசி:
மாற்ற மாட்டீர்களா? சரி, அங்கேயும் உங்கள் வரிக்குக் கீழே அந்தத் தேதியைப் போட்டுவிட்டு வருகிறேன். நீங்கள் அதை எழுதுகிற ஒவ்வொரு இழையிலும் போடுவேன்.