ரேடியேட்டரை வீட்டிலேயே மாற்றலாமா? பெங்களூரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் சரிப்படுமா?

கே.ஆர்.புரம்_வாசி

1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், பத்து வருஷத்துக்கு மேல ஓடின வண்டி. ரேடியேட்டர்ல மேல் ஹோஸ் மாட்டுற பிளாஸ்டிக் கழுத்துக்குப் பக்கத்துல மயிரிழை விரிசல், அதைச் சுத்திப் பச்சையா உப்புப் பூத்திருக்கு. ரிசர்வ் பாட்டில் வாரத்துக்கு ஒருமுறை காலியாகுது. ஜே.சி. ரோட்டுல புது ரேடியேட்டர் வாங்கி பேஸ்மென்ட்லயே மாத்தலாம்னு யோசனை. ஸ்பானர் செட், ஜாக் இருக்கு. ஆயில் மாத்தத் தெரியும், கூலிங் பக்கம் கை வச்சதில்ல. செய்யலாமா, கூடாதா?

பத்தாம்_நம்பர்_ஸ்பானர்

தாராளமா செய்யலாம். மேனுவல் பெட்ரோல் வண்டியில இதுக்கு 10, 12 நம்பர் பாக்ஸ் ஸ்பானர், கிளிப் பிடிக்க ஒரு பிளையர், ஆறு ஏழு லிட்டர் பிடிக்கிற அகலத் தட்டு, இவ்வளவுதான் வேணும். அரை நாள் ஒதுக்குங்க.

ராத்திரி முழுக்க ஆறின வண்டியில ஆரம்பிங்க. முதல்ல பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுங்க. சில வண்டியில சாவி எடுத்த பிறகும் ஃபேன் தானா சுத்தும், விரல் போயிடும். மூடியைத் திறந்துட்டு அடியில இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்துங்க. அது பிளாஸ்டிக், கைவிரல் பலமே போதும்.

அடுத்து ஹோஸ். முக்கால்வாசி பேர் தப்பு பண்ற இடம் இதுதான். கிளிப்பைப் பின்னாடி தள்ளினாலும் ரப்பர் கழுத்தோட ஒட்டிக்கிட்டு வராது. ஸ்க்ரூடிரைவரை நடுவுல விட்டு நெம்பாதீங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சு இடம் வலமா முறுக்குங்க. பட்டுனு ஒரு சத்தத்தோட ஒட்டு விட்டுரும், அப்புறம் இழுத்தா வரும். அப்பவும் அசையலைன்னா ஹோஸை நீளவாக்குல பிளேடால கீறி வாழைப்பட்டை மாதிரி உரிச்சுடுங்க. பத்து வருஷ ஹோஸைத் திரும்ப மாட்டக் கூடாது. ஆனா இன்ஜின் பக்கத்து முனையில கீறும்போது கீழே இருக்கிற தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுற வால்வு) கூட்டுல பிளேடு படக் கூடாது. அங்க ஒரு கோடு விழுந்தாலும் புது ஹோஸ் கசியும்.

ஃபேன் பிளக்கைப் பிரிச்சு, ஃபேன் கூட்டோட போல்ட்டைக் கழட்டி மேல தூக்குங்க. முன்னாடி இருக்கிற ஏசி கண்டென்ஸரோட குழாயை மட்டும் தொடாதீங்க, உள்ள அழுத்தத்துல கேஸ் இருக்கு. ரேடியேட்டரோட சேர்த்துப் பிடிச்சிருக்கிற சின்ன போல்ட்டைக் கழட்டி, கண்டென்ஸரை மேல் சட்டத்துல துணியால கட்டித் தொங்க விடுங்க. நடுவுல ஒரு அட்டையைச் சொருகினா ஃபின் மடங்காது. அப்புறம் மேல் பிராக்கெட்டை எடுத்தா ரேடியேட்டர் நேரா மேல வந்துடும். அடி ரப்பர் புஷ் ரெண்டும் சட்டத்துலயே தங்கும், இல்லேன்னா பழைய ரேடியேட்டரோட வந்துடும். புதுசுக்கு மறக்காம மாத்துங்க. அது இல்லாம உட்கார வச்சா ஆட்டத்துலயே அடி டேங்க் விரிஞ்சுடும்.

ஷெட்_பார்வை

போல்ட் கழட்டுறது யாருக்கும் வரும் சார். அந்த டேங்க் ஏன் விரிஞ்சதுன்னு யார் பார்ப்பாங்க? நான் இதை எதிர்க்கிறதே அதனாலதான்.

பிளாஸ்டிக் டேங்க் விரிய மூணு காரணம் இருக்கு. ஒண்ணு வயசு: நைலான் வருஷக்கணக்கா சூடாகி ஆறி ஆறி நொறுங்குற பதத்துக்கு வந்துடும். ரெண்டு, மூடி: 0.9 இல்லேன்னா 1.1 பார்ல திறக்க வேண்டிய வால்வு துருப்பிடிச்சு இறுகினா அழுத்தம் பூரா டேங்க் மேல விழும். மூணாவது, இன்ஜின் பிளாக்குக்கும் மேல் தலைக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் பழுதாகுறது: சிலிண்டர்ல எரிஞ்ச வாயு கூலன்ட்ல கலந்தா நேத்து மாட்டின ரேடியேட்டரும் தாங்காது.

ரேடியேட்டர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஒரே நிமிஷத்துல மேல் ஹோஸை அமுக்குங்க. கூலன்ட் இன்னும் சூடே ஆகல, அதுக்குள்ள ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா உள்ள வாயு வருதுன்னு அர்த்தம். மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணினா குமிழி நிக்காம வரும். சந்தேகமா இருந்தா பிளாக் டெஸ்டர் வைக்கணும், கூலன்ட்ல எரிஞ்ச வாயு இருக்கான்னு நீல திரவத்தை வச்சுப் பார்க்கிற கருவி. அந்த நீல திரவம் மஞ்சளா மாறினா ரேடியேட்டர் மேல செலவு பண்றது வீண்.

மாட்டின பிறகும் கை பம்ப் வச்சு மூடில எழுதியிருக்கிற அழுத்தத்துக்கு ஏத்தி, 15 நிமிஷம் முள் இறங்குதான்னு பார்க்கணும். வீட்டுல யார்கிட்ட அந்த பம்ப் இருக்கு?

பத்தாம்_நம்பர்_ஸ்பானர்

ஹோஸ் இறுகுற சோதனைக்கு ஷெட் தேவையில்ல அண்ணே, நீங்களே அதை ரெண்டு வரில சொல்லிட்டீங்க. பம்ப் கருவி கடையில கிடைக்குது. ரெண்டு மூணு பேர் சேர்ந்து வாங்கினா பல வண்டிக்கு ஆகும். புது மூடி வாங்குறதை நானும் கட்டாயம்னுதான் சொல்றேன், பழைய மூடியில இருக்கிற அதே பார் எண் பார்த்து வாங்கணும்.

ஆனா ஷெட்ல நடக்குற ஒரு தப்பை நீங்க பேசவே இல்ல: கலவை. மொத்தம் 5 லிட்டர் பிடிக்கிற வண்டின்னு வச்சுக்குங்க. அடித் திருகைத் திறந்தா வடியறது சுமார் 3 லிட்டர்தான். மிச்சம் 2 லிட்டர் இன்ஜின் பிளாக்குலயும் ஹீட்டர்லயும் நிக்கும். தண்ணிக் குழாய் விட்டு உள்ள கழுவினா அந்த 2 லிட்டரும் வெறும் தண்ணி. அதுக்கு மேல கடையில வாங்கின ரெடிமிக்ஸ், அதாவது பாதித் தண்ணி கலந்தே வர்ற கூலன்ட், 3 லிட்டர் ஊத்தினா உள்ள போற கிளைக்கால் (கூலன்ட்டோட மூலப்பொருள்) ஒன்றரை லிட்டர். அஞ்சுல ஒன்றரைன்னா 30 சதவீதம். டப்பாவுல 50:50னு எழுதியிருக்கும், வண்டிக்குள்ள அது இருக்காது.

கழுவினா கான்சென்ட்ரேட், அதாவது தண்ணி கலக்காத கூலன்ட், வாங்குங்க. முதல்ல இரண்டரை லிட்டர் கான்சென்ட்ரேட், மேல அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். கழுவாம மாத்துறீங்க, பழைய கூலன்ட் சுத்தமா இருக்குன்னா அதே வகை ரெடிமிக்ஸ் போதும். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு பண்ணாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். வண்டி கையேட்டுல எழுதியிருக்கிற வகைதான் கணக்கு.

சரிபார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கு, ஒரு சொட்டு கூலன்ட் வச்சா அது எத்தனை டிகிரில உறையும்னு காட்டுற கருவி. மைனஸ் 37 டிகிரி காட்டினா 50 சதவீதம், மைனஸ் 16 பக்கம் காட்டினா 30. நம்ம ஊர்ல உறையப் போறதில்ல, ஆனா சதவீதத்தை அதுல படிக்கலாம்.

அம்பாசிடர்_காலம்

இவ்வளவு எதுக்கு தம்பி? பெங்களூர்ல பனி உறையறதில்லையே, சுத்தமான தண்ணி ஊத்தினா போதும். விரிசலை ஈயம் வச்சு அடைச்சுடலாம். அவசரத்துக்கு மஞ்சள்தூள் போட்டு லாரிக்காரங்க ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவாங்க.

பத்தாம்_நம்பர்_ஸ்பானர்

ஐயா, நீங்க சொல்றது செம்பு, பித்தளை ரேடியேட்டருக்குப் பொருந்தும். அதை ஈயம் வச்சு ஒட்டலாம், டேங்கைக் கழட்டிக் கம்பி விட்டுக் குத்தலாம். இப்போ வர்றது அலுமினியக் கோர் (நடுவுல இருக்கிற மெல்லிய குழாய் அடுக்கு), அதோட ஓரத்துல நைலான் டேங்கை ரப்பர் கேஸ்கெட் வச்சு மடிச்சுக் கவ்வியிருப்பாங்க. நைலான்ல ஈயம் பிடிக்காது. எபாக்சி பசையும் 90 டிகிரிச் சூட்டுல, ஒரு பார் அழுத்தத்துல ரொம்ப நாள் நிக்காது. மஞ்சள்தூள் ஓட்டையை அடைக்குற மாதிரியே ஹீட்டரோட மெல்லிய குழாயையும் அடைக்கும்.

தண்ணி விஷயம். பெங்களூரு கடல்மட்டத்துலேருந்து 900 மீட்டருக்கு மேல. இங்க திறந்த பாத்திரத்துல தண்ணி சுமார் 97 டிகிரியிலயே கொதிச்சுடும். மூடியோட அழுத்தம்தான் அதை 115ஐத் தாண்டித் தள்ளுது, கிளைக்கால் இன்னும் சில டிகிரி கூட்டுது. சில்க் போர்டு சிக்னல்ல ஏசி போட்டு நிக்கிற வண்டிக்கு அந்தச் சில டிகிரி வேணும். அதைவிட முக்கியம் கூலன்ட்ல இருக்கிற துருத்தடுப்பு மருந்து. அது இல்லேன்னா அலுமினியம் உள்ளேருந்தே அரிச்சு சாம்பல் நிறச் சேறா மாறும். ஒயிட்ஃபீல்ட் பக்கத்து போர் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு அந்தக் குறுகின குழாய்ல படிஞ்சா சொல்லவே வேண்டாம்.

பெல்லந்தூர்_வாசகி

இரண்டு பேருமே பேஸ்மென்ட்டை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். என் எதிர்ப்பு வேலைக்கு அல்ல, இடத்துக்கு.

காற்றை வெளியேற்ற இன்ஜினை இருபது, முப்பது நிமிடம் ஓட விட வேண்டும். மூடிய பேஸ்மென்ட்டில் அதைச் செய்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கழற்றுவதையும் மாட்டுவதையும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பி மூடிய பிறகு வண்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்துதான் ஏர் எடுக்க வேண்டும்.

பழைய கூலன்ட் இன்னொரு கவலை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெரு நாயும் பூனையும் நக்கும், சிறுநீரகம் செயலிழந்து சாகும். தட்டில் வடித்ததை உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே 'விஷம்' என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றவே கூடாது. பல அபார்ட்மென்ட்களில் மழைநீர் வடிகால் நேராக நிலத்தடி நீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. தரையைக் குழாய் விட்டுக் கழுவினால் சிந்தியது அங்கேதான் சேரும். சிந்தினால் மரத்தூள் கொட்டி, ஊறியதும் அள்ளிப் பையில் கட்டுங்கள். கேனை, பழைய ஆயிலும் கூலன்ட்டும் பிரித்துச் சேர்க்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படையுங்கள்.

ஜாக் வைத்துத் தூக்கினால் கீழே போவதற்கு முன் ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். பேஸ்மென்ட் தரை வழவழப்பானது, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

ஷெட்_பார்வை

மேடம் சொன்ன கார்பன் மோனாக்சைடு விஷயத்தை முதல்லயே நான் சொல்லியிருக்கணும், அது சரி.

இந்த மேனுவல் பெட்ரோல் வண்டி வரைக்கும் நான் இறங்கி வரேன். ஆனா படிக்கிற எல்லாரும் செய்யலாம்னு எடுத்துக்க வேண்டாம். டார்க் கன்வெர்டர் ஆட்டோமேட்டிக்ல பல வண்டிக்கு கியர் ஆயில் குளிர்ற குழாய் ரேடியேட்டர் டேங்குக்குள்ளயே ஓடும். அந்த லைனைக் கழட்டினா கியர் ஆயில் குறையும். அதோட அளவைச் சரியான சூட்டுல வச்சுத்தான் பார்க்கணும். பழைய ரேடியேட்டர் உள்ளுக்குள்ள உடைஞ்சு ரெண்டும் கலந்திருந்தா ரோஸ் மில்க் மாதிரி தெரியும், அப்போ பிரச்சினை கியர்பாக்ஸ் வரைக்கும் போயிருக்கும். டர்போ டீசல்ல இன்டர்கூலர், கண்டென்ஸர், ரேடியேட்டர் மூணும் அடுக்கா நிக்கும், சிலதுல பம்பரையே இறக்கணும். இந்த ரெண்டையும் பேஸ்மென்ட்ல தொடாதீங்க.

ஏர் எடுக்குற முறையை யாரும் இன்னும் எழுதல. முன்சக்கரம் ரெண்டையும் ரேம்ப்ல ஏத்தி மூக்கை உயர்த்துங்க, நிரப்புற வாய் எல்லாத்தையும்விட மேல இருக்கணும். கூலன்ட்டை மெதுவா, நூல் மாதிரி ஊத்துங்க. நடுநடுவே கீழ் ஹோஸைப் பிசைஞ்சு விட்டா குமிழி ஏறும். ஹீட்டரை முழுச் சூட்டுல வைங்க, ஏசி வேண்டாம், ஏசி போட்டா ஃபேன் முன்கூட்டியே ஓடி கணக்கைக் குழப்பும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணுங்க. 82 டிகிரியோ 88 டிகிரியோ, உங்க தெர்மோஸ்டாட் திறக்கிற நேரம் வாயில அளவு சட்டுனு இறங்கும், கீழ் ஹோஸ் சூடாகும். அப்போ நிரப்பி மூடியைப் போட்டு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் விடுங்க. ஹீட்டர்ல சூடு காத்து வராம டேஷ்போர்டுக்குள்ள தண்ணி ஓடுற சத்தம் கேட்டா ஏர் லாக், அதாவது உள்ள மாட்டின காத்து, இன்னும் இருக்கு. டேஷ்போர்டு சூட்டு முள்ளை மட்டும் நம்பாதீங்க, சென்சார் காத்துக்குள்ள நின்னா குறைச்சுக் காட்டும்.

கே.ஆர்.புரம்_வாசி

ஹோஸ் சோதனையை முதல்ல பண்றேன். ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட் மூணையும் ரேடியேட்டரோட சேர்த்தே வாங்கிடலாமா? ஜே.சி. ரோட்டுல ரேடியேட்டர் சரியானதுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பத்தாம்_நம்பர்_ஸ்பானர்

மூணையும் வாங்குங்க, தெர்மோஸ்டாட்டுக்கு ரப்பர் வளையமும் சேர்த்து. ரேடியேட்டருக்குப் பழசைக் கழட்டி எடுத்துட்டுப் போறது நல்லது, வண்டி நிக்கிற நாளைப் பார்த்துக்குங்க. கடை மேசையில ரெண்டையும் பக்கத்துல நிக்க வச்சு ஹோஸ் கழுத்தோட விட்டம், ஃபேன் கூட்டோட ஓட்டை, அடிக் குமிழ், கோரோட கனம் எல்லாம் ஒத்து வருதான்னு பாருங்க. கோர் மெல்லிசா இருந்தா எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

எல்லாம் முடிஞ்ச மறுநாள் காலையில, குளிர்ந்த வண்டியில மட்டும் மூடியைத் திறங்க. 200, 300 மில்லி குறைஞ்சிருந்தா பயப்பட வேண்டாம், மிச்சக் காத்து வெளியே போயிருக்கு, நிரப்பிடுங்க. மூணாவது நாளும் அதே அளவு குறைஞ்சா ஷெட் அண்ணன் சொன்ன பம்பை எடுங்க.