கேஸ் ஃபயர்ப்ளேஸ் பற்றவில்லையா? முதலில் பைலட்டைப் பாருங்கள்

ஒன்ராறியோவில் குளிர் தொடங்கியதும் புதிதாக வந்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: வீட்டில் கேஸ் ஃபயர்ப்ளேஸ் (எரிவாயுக் கணப்பு) இருக்கிறது, சுவிட்சைப் போட்டால் எரியவில்லை, என்ன செய்வது?

கேஸ் வாடை அடித்தால் எதையும் தொடாதீர்கள், விளக்கு சுவிட்சைக்கூட. எல்லோரும் வெளியேறிய பிறகு, வெளியில் நின்றே கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணையோ 911-ஐயோ அழையுங்கள். கீழே சொல்வதெல்லாம் வாடை இல்லாதபோது மட்டும்.

பழைய வகைகளில் பெரிய தீயைப் பற்றவைக்க எப்போதும் எரியும் ஒரு சிறு சுடர் உண்டு, அதுதான் பைலட். கீழே உள்ள தகட்டைத் திறந்தால் ஆஃப், பைலட், ஆன் என்று மூன்று நிலைகள் கொண்ட குமிழ் தெரியும். பக்கத்திலேயே ஒரு பொத்தான். ஊரில் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரைப் போல, அழுத்தினால் பொறி தட்டும் அதே பீசோ வேலைதான் அது. குமிழைப் பைலட்டுக்குத் திருப்பி, அழுத்திப் பிடித்தபடி பொத்தானைத் தட்டுங்கள். சத்தம் கேட்டும் பொறி தெரியாவிட்டால் கம்பி கழன்றிருக்கலாம், அல்லது மின்முனையின் பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். பொறி பறந்தும் பற்றாவிட்டால், கோடை முழுக்க மூடிக் கிடந்த குழாயில் காற்று நிறைந்திருக்கும். ஆஃபுக்குத் திருப்பி 5 நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

பலர் பொறுமை இழப்பது இதற்கு அடுத்த கட்டத்தில். பைலட் பற்றும், கையை எடுத்ததும் அணைந்துவிடும். சுடரில் இருக்கும் தெர்மோகப்பிள் நன்றாகச் சூடேறினால்தான் 25, 30 மில்லிவோல்ட் மின்சாரம் பிறந்து வால்வைத் திறந்து வைத்திருக்கும். ஆகவே பற்றிய பிறகும் ஒரு நிமிடம் வரை குமிழை அழுத்தியே வைத்திருங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் கண்ணாடி வழியே சுடரைக் கவனியுங்கள். நீலமாக, தெர்மோகப்பிளின் நுனியைச் சுற்றி எரிய வேண்டும். மஞ்சளாக, உயிரில்லாமல் ஆடினால் பைலட் துளையில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்வது டெக்னீஷியன் வேலை.

பைலட் நிலையாக எரிந்து, குமிழை ஆனுக்குத் திருப்பியும் பெரிய தீ வரவில்லையென்றால் சந்தேகம், பைலட்டின் சூட்டில் மின்சாரம் தரும் தெர்மோபைல் மீதோ சுவர் சுவிட்ச் மீதோ விழ வேண்டும். அந்தச் சுவிட்ச் விளக்கு சுவிட்ச் போலவே இருக்கும். ஆனால் அதில் ஓடுவது அரை வோல்ட் அளவுதான். மின்வேலை தெரிந்த மாமா யாராவது அதை வீட்டு மின்சாரத்தோடு இணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வால்வு போய்விடும். இந்த வகையில் ஒரு நன்மையும் உண்டு: பனிப்புயலில் மின்சாரம் போனாலும் எரியும்.

புதிய வகைகளில் பைலட் எப்போதும் எரிந்துகொண்டிருக்காது. தேவைப்படும்போது தானாகப் பொறி தட்டும். ரிமோட்டின் பேட்டரியை மாற்றியும் பயனில்லை என்பவர்கள், கணப்புக்கு அடியில் இருக்கும் ரிசீவரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கும் தனியாக பேட்டரி உண்டு.

குழாயையோ வால்வையோ கழற்றாதீர்கள். ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏவில் பதிவு பெற்ற நிறுவனத்தின் ஆளைத்தான் அழைக்க வேண்டும். தெரிந்தவர் மலிவாகச் செய்து தருவார் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. வாடகை வீடென்றால் பழுதுபார்க்க வேண்டியது வீட்டு உரிமையாளர். தொலைபேசியில் சொன்னாலும், மின்னஞ்சலிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.