குற்றாலம் போய் வந்ததிலிருந்து வாட்ச் கண்ணாடிக்குள் மூட்டம். 50 மீட்டர் என்று போட்டிருந்தார்களே?

சனிநீராடி:
வணக்கம். ஸ்மார்ட்வாட்ச் வாங்கி இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. பின்பக்கத்தில் '5 ஏடிஎம் / 50 மீட்டர்' என்று பொறித்திருக்கிறது. போன ஞாயிறு குற்றாலம் போனோம். பேரருவியில் கால் மணி நேரம் நின்றிருப்பேன், வாட்ச் கையிலேயே இருந்தது. ஏசி வேனில் திரும்பும்போது ராஜபாளையம் தாண்டியதும் பார்க்கிறேன், கண்ணாடியின் கீழ் ஓரத்தில் நகம் அளவுக்கு வெள்ளையாக மூட்டம். சட்டை நுனியால் துடைத்தேன், போகவில்லை. உள்பக்கம்! இறங்கி வெயிலில் நின்றதும் மறைந்துவிட்டது. மறுநாள் ஆபீஸ் ஏசியில் மறுபடியும் அதே இடத்தில்.

மற்றபடி டச், இதயத்துடிப்பு எல்லாம் வேலை செய்கிறது. 50 மீட்டர் ஆழம் தாங்க வேண்டியது ஒரு அருவிக்கே தாங்கவில்லையா? இப்போதைக்கு அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வாரண்டி முடிந்துவிட்டது.

மொட்டைமாடி:
அரிசி நல்ல ஐடியாதான். மூன்று நாள் அப்படியே விடுங்க. என் பழைய போன் அப்படித்தான் பிழைத்தது.

பல்சக்கரம்:
அரிசியை முதலில் சோற்றுக்கு அனுப்புங்கள். அது பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தை இழுக்காது, அதன் தூசி சார்ஜிங் பின்னிலும் மைக் துளையிலும் போய் அடைக்கும். ஆப்பிள் நிறுவனமே நனைந்த ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. மொட்டைமாடி சொல்லும் போன் வெளியே சும்மா வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும்.

வாட்சை ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போடவே வேண்டாம். ஷூ பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் பக்கம் போகாதீர்கள், கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

அப்புறம் மூன்று கேள்வி. அருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டீர்களா? வீட்டில் வெந்நீரில் குளிக்கும்போதும் வாட்ச் கையில்தானா? தண்ணீரில் இறங்கும் முன் வாட்ச் எங்கே இருந்தது?

கரையோரம்:
இதற்கு இவ்வளவு விசாரணையா? அருவியின் வேகம்தான் காரணம். 50 மீட்டர் என்பது அசையாத தண்ணீருக்குச் சொன்னது. கையை வீசினாலே அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும், நீச்சல் குளத்திலேயே இதனால்தான் வாட்ச் போகிறது.

சனிநீராடி:
பல்சக்கரம் அண்ணே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அருவிக்கரையில் மசாஜ் செய்துகொண்டேன், உடம்பெல்லாம் எண்ணெய். வீட்டிலும் சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர். ஸ்டெப் கணக்கு விட்டுப்போகும் என்று வாட்சைக் கழற்றுவதே இல்லை. அன்றைக்கு வேனின் முன்கண்ணாடி ஓரமாக சார்ஜில் கிடந்தது. எடுக்கும்போதே சுட்டது, ஆனால் அப்படியே கட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டேன்.

பல்சக்கரம்:
சரி, கதை முழுசாகிவிட்டது.

முதலில் கரையோரம் சொன்னதற்கு. அசையாத தண்ணீர் என்பது உண்மை. வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22810 சோதனையில் குறித்த அழுத்தத்தில் பத்து நிமிடம் சும்மா வைப்பார்கள். ஆனால் கை வீசினால் பல மடங்கு என்பது காலங்காலமாகச் சுற்றும் கதை. கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனாலும் கூடுவது ஒன்றேகால் மீட்டர் ஆழத்து அழுத்தம்தான். அருவிக்கும் அதே கணக்கு. 10 மீட்டர் உயரத்திலிருந்து சீராக விழும் தண்ணீர் மோதும் இடத்தில் தரும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இருப்பதைத் தாண்டாது. பேரருவியோ நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்துதான் நம் தலைக்கு வருகிறது. புது வாட்ச் இதற்கெல்லாம் அசராது.

தம்பி, உங்கள் வாட்சைக் கெடுத்தது சனிக்கிழமைகள்தான். அந்தச் சோதனை புதுப் பொருளுக்கு, வெறும் தண்ணீரில் நடப்பது. நல்லெண்ணெயும் சீயக்காயும் அதில் இல்லை. மைக், ஸ்பீக்கர் துளைகளுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதன் நுண்துளைகள் காற்றை விடும், தண்ணீரை விடாது. தண்ணீருக்குத் தன்னைத் தானே இழுத்துக் குவியும் குணம் இருப்பதால்தான் அது அந்தத் துளையில் நுழைவதில்லை. சோப்பும் ஷாம்பூவும் அந்த இழுவையைக் குறைத்துவிடும். எண்ணெய் சவ்வில் ஊறிவிட்டால் அப்புறம் அந்தச் சவ்வு பழைய மாதிரி தண்ணீரைத் தடுக்காது. பட்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமும் சூட்டிலும் எண்ணெயிலும் மெல்ல மெல்லத் தளரும். ஆவி இன்னும் மோசம், தண்ணீர் நுழையாத இடத்திலும் அது நுழையும்.

கடைசித் தள்ளு வேனில் சுட்ட வாட்ச். 45 டிகிரியில் இருந்த உள்காற்று அருவித் தண்ணீரில் 25-க்கு இறங்கினால் அழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். அரை மீட்டருக்கு மேல் ஆழத்தில் முக்கியதற்குச் சமம். அளவு சின்னதுதான். ஆனால் வாட்சே உள்ளிருந்து உறிஞ்சுகிறது, ஏற்கெனவே தளர்ந்த வளையத்துக்கு அது போதும்.

இன்னொன்று. அதே ஐஎஸ்ஓ சோதனையில் வாட்சை 40-45 டிகிரிக்குச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே மூட்டம் தெரிந்தால் அந்த வாட்ச் தேறவில்லை. அந்தச் சோதனையைத்தான் ஏசி வேனில் தெரியாமலே செய்திருக்கிறீர்கள். சிலிக்கா ஜெல் மூட்டத்தை எடுக்கும், ஓட்டையை அடைக்காது.

கரையோரம்:
கணக்கை ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் எல்லாருக்கும் இந்தக் கை வீச்சுக் கதையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

மாடித்தோட்டம்:
குறுக்கே ஒரு சந்தேகம். என் போன் ஐபி68. மண் பட்டால் குழாயைத் திறந்து நேராகப் பிடித்துக் கழுவுகிறேன். தப்பா?

பல்சக்கரம்:
போனுக்கு வேறு கணக்கு அக்கா, ஐஇசி 60529 தரம். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதைவிடக் கடுமையாக, எவ்வளவு என்பதைக் கம்பெனிதான் சொல்ல வேண்டும். இரண்டுமே முக்கி வைக்கும் சோதனை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்று தனி எண் உண்டு. 8 வாங்கியதால் 5-லும் தேறியது என்று அர்த்தமில்லை, இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் அச்சிட்டிருப்பார்கள். குழாயை மெல்லத் திறந்தால் பரவாயில்லை, ஹோஸ் வேண்டாம்.

கடலுக்கு எந்த எண்ணையும் நம்பாதீர்கள். சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. கடலிலோ நீச்சல் குளத்திலோ நனைந்த போனைச் சார்ஜில் போட்டால் போர்ட் அரித்துப்போகும். ஆஸ்திரேலியாவில் சாம்சங் தன் கேலக்ஸி போன்களைக் கடலிலும் குளத்திலும் பயன்படுத்துவதுபோல விளம்பரம் போட்டது. 2022-இல் அங்குள்ள நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. போர்ட் அரிப்புதான் வழக்கின் மையமே.

போனின் பின்கண்ணாடியை வெளியே எங்காவது மாற்றியிருந்தால் அந்த 68-ஐ மறந்துவிடுங்கள். அது பசையில்தான் இருந்தது.

மாடித்தோட்டம்:
போன வருடம் மாற்றினேன். ஐயோ.

சனிநீராடி:
ஒன்பது நாள் கழித்து வருகிறேன். சிலிக்கா ஜெல்லில் வைத்ததும் மூட்டம் போனது, நான்காம் நாள் ஆபீஸில் திரும்பி வந்தது. பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கும் ஒரு வாட்ச் கடையில் கொடுத்தேன். தண்ணீரே இல்லாமல், சின்ன அறைக்குள் வைத்துக் காற்றை ஏற்றி, பெட்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார்கள். அமுங்கவே இல்லை, காற்று உள்ளேயே போய்விட்டதாம். திறந்து பட்டன் வளையத்தைச் சாமணத்தில் எடுத்துக் காட்டினார். தலைமுடி கனத்தில் கறுப்பு வளையம், ஒரு பக்கம் பளபளவென்று எண்ணெய். மோந்து பார்த்தேன், நல்லெண்ணெய்தான். டிஸ்ப்ளே கனெக்டரில் லேசாகப் பச்சை பூத்திருந்தது, சுத்தம் செய்துவிட்டார். சவ்வு மாற்ற உதிரி கிடைக்காது, இனி தண்ணீர் பக்கம் வேண்டாம் என்றார்.

இயர்பட்ஸும் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கிறது. மழையில் பாக்கெட்டில் கேஸோடு இருந்தால் பிரச்சினை இல்லையே?

பல்சக்கரம்:
அந்த 4 தெறிக்கும் தண்ணீருக்கு, அதுவும் பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும்தான். கேஸுக்குத் தனியாக எண் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் கவர்.