ஏசியா, கண்ணாடியை இறக்குவதா: எந்த வேகத்தில் எது பெட்ரோலை மிச்சப்படுத்தும்?

மலைக்கோட்டைவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் பணிபுரியும் நான் மாதம் ஒரு முறையாவது காரில் திருச்சி சென்று வருகிறேன். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அப்பாவை உடன் அழைத்துச் சென்றபோது, தாம்பரத்தைத் தாண்டியதும் ஏசியை நிறுத்திவிட்டு நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார். ஏசி பெட்ரோலைக் குடித்துவிடும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். என்னுடன் பணிபுரியும் நண்பரோ, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் கண்ணாடியை இறக்குவதுதான் கூடுதல் செலவு என்கிறார். அந்த 80 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

என் வண்டிக்கு அப்படி ஓர் எல்லை வேகம் உண்டா? உண்டென்றால் அதைக் கணக்கிட்டு அறிய முடியுமா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. குளிர் திருகியை முழுக் குளிரில் வைக்காமல் நடுவில் வைத்தால் எரிபொருள் மிச்சமாகுமா?

காவிரிக்கரை எழுதுகிறார்:

நல்ல கேள்வி. கணக்கிட முடியும், ஆனால் அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏசிக்கு ஆகும் செலவு மணிக்கணக்கில் ஏறுகிறது. திறந்த கண்ணாடிக்கு ஆகும் செலவு கிலோமீட்டர் கணக்கில் ஏறுகிறது. வண்டி சிக்னலில் நின்றாலும், நெடுஞ்சாலையில் பறந்தாலும், வெயில் ஒன்றாக இருக்கும்வரை, ஏசியின் வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் எஞ்சினிடம் கேட்கும் ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. காற்றின் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது: வேகம் இரு மடங்கானால் தடை விசை நான்கு மடங்காகிறது, அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. ஆகவே மெதுவாகப் போகும்போது ஏசியும், மிக வேகமாகப் போகும்போது திறந்த கண்ணாடியும் அதிகச் செலவு வைக்கும். இரண்டும் சமமாகும் புள்ளியைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

உங்கள் அளவுள்ள ஒரு வண்டிக்குக் காற்றுத்தடைக் குணகம் (வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.33 என்றும், முகப்புப் பரப்பு 2.1 சதுர மீட்டர் என்றும், வெப்பமான நாளில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோகிராம் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தால் தடை 15 விழுக்காடு கூடுவதாகவும், உள்ளே குளிர்ந்து நிலைபெற்ற பிறகு கம்ப்ரசர் சராசரியாக 1.5 கிலோவாட் கேட்பதாகவும் வைத்துக்கொள்வோம். இவை என் அனுமானங்கள். வண்டிக்கு வண்டி மாறும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் 30 விழுக்காட்டை எஞ்சின் வேலையாக மாற்றுகிறது என்று கொண்டால், ஏசிக்கு மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல், அதாவது 0.56 லிட்டர் செலவாகும்.

இதே செலவை 100 கிலோமீட்டருக்கு என்று மாற்றிப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏசிக்கு 0.93 லிட்டர், திறந்த கண்ணாடிக்கு 0.17 லிட்டர்தான். 90இல் ஏசி 0.62, கண்ணாடி 0.39. 110இல் நிலைமை தலைகீழாகிறது: ஏசி 0.5, கண்ணாடி 0.59. இந்த அனுமானங்களின்படி இரண்டும் சமமாகும் வேகம் ஏறத்தாழ 105 கிலோமீட்டர்.

ஆனால் 105 என்பதையும் 80ஐப் போல மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். மாலையில் வெயில் தணிந்து கம்ப்ரசருக்கு ஒரு கிலோவாட் போதுமென்றால் எல்லை 92க்கு இறங்கிவிடும். கத்திரி வெயிலில் அதற்கு 2.5 கிலோவாட் தேவைப்பட்டால் 125க்கு ஏறிவிடும். வண்டியின் வடிவமும் இதில் முக்கியம். காற்று வழுக்கிச் செல்லும்படி வடிவமைத்த செடானில் கண்ணாடியை இறக்கினால் அந்த ஒழுங்கு பெரிதும் குலைகிறது. ஏற்கெனவே பெட்டி போலிருக்கும் உயரமான வண்டியில் குலைவதற்கு அவ்வளவாக ஒன்றுமில்லை. நண்பர் சொன்ன 80 சில வண்டிகளுக்குச் சில நாள்களில் பொருந்தலாம், எல்லா வண்டிகளுக்கும் அன்று.

இதிலிருந்து கிடைக்கும் இன்னொரு முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். திருச்சி வரையிலான ஏறத்தாழ 330 கிலோமீட்டரை 90 வேகத்தில் கடந்தால், ஏசிக்கும் திறந்த கண்ணாடிக்கும் உள்ள வேறுபாடு முக்கால் லிட்டர் மட்டுமே. சென்னைக்குள் சராசரி 25 கிலோமீட்டர் வேகத்தில் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டினால், ஏசிக்கு மட்டும் அன்றாடம் 0.67 லிட்டர் போய்விடுகிறது. நீங்கள் திருச்சிச் சாலையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். செலவின் பெரும்பகுதி அலுவலகம் போய்வரும் சாலையில் இருக்கிறது.

பட்டறைக்காரன் எழுதுகிறார்:

மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். இருபது ஆண்டுகளாகக் கார் ஏசி வேலை பார்ப்பவன் என்ற முறையில் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

கையால் திருகும் சாதாரண ஏசியில், திருகியை நடுவில் வைப்பதால் கம்ப்ரசருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. குளிர்விப்பான் காற்றை எப்போதும்போல் முழுமையாகக் குளிர்விக்கிறது. பிறகு ஒரு தடுப்பு மடல் திறந்து, அந்தக் காற்றில் ஒரு பகுதியை எஞ்சின் சூட்டில் இயங்கும் ஹீட்டர் வழியாக அனுப்பிக் கலக்கிறது. குளிர்வித்ததை நாமே மீண்டும் சூடாக்குகிறோம். குளிர் அதிகமாகத் தெரிந்தால் திருகியைத் தொடாமல் புளோயர் வேகத்தைக் குறையுங்கள். குளிர்விப்பானின் மேல் செல்லும் காற்று குறைந்தால் அது விரைவில் போதிய குளிர்ச்சியை எட்டிவிடும். கம்ப்ரசரை எஞ்சினுடன் இணைக்கும் கிளட்ச் அடிக்கடி விடுபட்டு அதற்கு ஓய்வு கிடைக்கும். தேவைக்கேற்பக் கொள்ளளவை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரசர் உள்ள வண்டிகளில் இது இன்னும் சீராக நடக்கும்.

அடுத்தது ரீசர்குலேஷன் பொத்தான். சென்னையில் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் ஏசிக்குப் பெரிய சுமை. நிறுத்திய காருக்கு அடியில் சொட்டும் நீரைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றிலிருந்த ஈரம். ஆவியாக இருக்கும் ஒரு கிலோ நீரைத் திரவமாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் இந்த வேலைக்கு முடிவே இல்லை. உள்காற்றைச் சுழற்றினால் ஒரு முறை உலர்ந்த காற்றே திரும்பத் திரும்ப வருகிறது. நான்கைந்து பேர் நெடுந்தூரம் போகும்போது மட்டும் அவ்வப்போது சில நிமிடங்கள் வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரியமில வாயு கூடி, ஓட்டுபவருக்குக் கண் சொக்கும்.

வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறியிருக்கும். ஏறியவுடன் கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஏசியை முழு வீச்சில் வைப்பவர்களே மிகுதி. முதல் ஒரு கிலோமீட்டருக்கு நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஓட்டுங்கள். வெளியே 38 டிகிரியாக இருந்தாலும், உள்ளே இருப்பதை விட அது குளிர்ந்த காற்றுதான். அந்தச் சூட்டைக் கம்ப்ரசரைக் கொண்டு வெளியேற்ற வேண்டிய தேவையில்லை.

ஆறு ஆண்டு ஆன வண்டி என்பதால், ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். அதன் தகடுகளில் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தால் கேஸ் அழுத்தம் உயர்ந்து, அதே குளிருக்குக் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும். கேபின் ஃபில்டரையும் பாருங்கள். கேஸை மட்டும் யார் சொன்னாலும் காரணமின்றி ஏற்றாதீர்கள். அளவுக்கு மிஞ்சினாலும் அழுத்தம் கூடும்.

நெடுஞ்சாலை நண்பன் எழுதுகிறார்:

விளம்பரத்தில் போடும் மைலேஜுடன் ஒப்பிட்டு யாரும் மனம் தளர வேண்டாம் என்பதற்காக ஒரு தகவல். நம் நாட்டில் அந்த எண்ணைத் தரும் சோதனைச் சுழற்சியில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். ஏசியை இயக்காமல்தான் அளக்கிறார்கள். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, 35 டிகிரி வெப்பத்தில் ஏசியை ஓட்டி நடத்தும் ஒரு சோதனையும் அறிவிக்கப்படும் மைலேஜில் சேர்கிறது. கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், ஏசியால் மைலேஜ் 25 விழுக்காட்டுக்கும் மேல் குறையக்கூடும் என்று அந்நாட்டு அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டுதல் சொல்கிறது. காவிரிக்கரை அவர்கள் நகரப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும் இதுவே.

எரிபொருளுக்கு அப்பாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 90 வேகத்தில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டினால் காற்றின் இரைச்சலும் லாரிப் புகையும் ஓட்டுபவரைக் களைப்பாக்குகின்றன. பின்னால் வரும் ஹாரன்கூடச் சரியாகக் கேட்பதில்லை. லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் இன்று, திருச்சிக்குப் போகும் வழியில் எழுபத்தைந்து ரூபாயை மிச்சம் பிடிக்க அப்பாவை மதிய வெயிலில் வதங்க விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலைக்கோட்டைவாசி எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. கணக்கை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நகரத்தைப் பற்றி அவர் நினைத்தது சரியாக இருந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. நெடுஞ்சாலையில் ஏசி போடவும் சம்மதித்துவிட்டார். கண்டன்சரை இந்த வாரமே கழுவக் கொடுக்கிறேன். என் வண்டியிலேயே சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். போகும்போது ஏசி, வரும்போது கண்ணாடி என்று ஓட்டி ஒப்பிட்டால் போதுமா?

காவிரிக்கரை எழுதுகிறார்:

போதாது. எதிர்க்காற்று, பின்காற்று, சாலையின் ஏற்ற இறக்கம் ஆகியவை இரு திசைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீங்கள் தேடும் வேறுபாடு அவற்றில் கரைந்துவிடும். ஒரே திசையில், ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஒரு மாதம் ஏசியுடனும் மறு மாதம் கண்ணாடியை இறக்கியும் ஓட்டுங்கள். இரு முறையும் ஒரே பங்க்கில் அதே பம்பில், முதல் கிளிக் வந்தவுடன் நிறுத்தும் அளவுக்கு நிரப்புங்கள். புறப்படும் முன் டயர் காற்றை ஒரே அளவுக்குச் சரிபார்த்து, வேகத்தை 90இலேயே வைத்திருங்கள். இப்படி மூன்று சோடிப் பயணங்களின் கணக்கு கையில் இருந்தால் இங்கே பதிவிடுங்கள். நான் வைத்த 15 விழுக்காடு உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று அதைக் கொண்டு பார்த்துவிடலாம்.