வேர்க்கடலை ஒவ்வாமை: பள்ளிக்கு எப்படிப் புரிய வைத்தீர்கள்?

வணக்கம். என் ஆறு வயது மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. போன முறை தோலில் தடிப்போடு நிற்காமல் வாந்தி, இருமல், குரல் கம்மல் என்று போய், மருத்துவமனையில் அட்ரினலின் போட்ட பிறகுதான் அடங்கியது. இனி அட்ரினலின் தானியங்கி ஊசி (தொடையில் அழுத்தினால் தானே மருந்தை ஏற்றுவது) எப்போதும் அருகில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எடை 20 கிலோ என்பதால் 0.15 மில்லிகிராம்.

செட்டிரிசின் மாதிரியான ஒவ்வாமை மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். மூச்சுக்குழாய் சுருங்குவதையோ ரத்த அழுத்தம் விழுவதையோ அது தடுக்காது. அதற்கு அட்ரினலின்தான், தொடையின் வெளிப்பக்கத்தில், அவசரத்துக்கு உடையின் மேலேயே போடலாம். போட்டதும் பிள்ளையை எழுந்து நடக்கவிடக் கூடாது. சரியாகிவிட்டது போல இருந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம், அதனால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் புரிகிறது. பள்ளியில்தான் சிக்கல். வகுப்பாசிரியர் அக்கறையானவர், ஆனால் ஊசி என்றாலே பதறுகிறார். "முதலில் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே" என்கிறார். அப்படிக் காத்திருப்பதுதான் ஆபத்து.

இதே நிலையில் இருக்கும் பெற்றோர் பள்ளிக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? மருத்துவரின் கையெழுத்தோடு ஒரே பக்கத்தில் இருந்தால் போதுமா? மருந்தும் ஊசிமுனையும் இல்லாத பயிற்சிக் கருவியை வைத்து ஆசிரியர்களைப் பழக்கியவர்கள் உண்டா?

அப்புறம், ஊசியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, வெயிலிலும் விடக் கூடாது. வெளியே போகும்போது எதில் வைத்துக் கொண்டுபோகிறீர்கள்?

வேர்க்கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கு என்ற யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ். அது மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது.